புள்ளடி

கொஸ்லந்தைக்குக் கீழே,
தேயிலை முடிந்து மலை புல்லாக மாறுமிடத்தில்
மானா வெட்டுவது என் கொந்தரப்பு.
நாற்பது கட்டுக்கு ஒரு பேர்.
வெட்டுகிறவளை மானா திருப்பி வெட்டும்;
என் முழங்கையைப் பார்த்தால் தெரியும்.

பதினொரு வருசமாக அதன் குரலை அறிவேன்.
ச்சிக்.
பிறகு ஒரு மூச்சு விடுகிற நேரம்.
பிறகு, சீக்-சீக்-கெரேய்.
துருப்பிடித்த சைக்கிள் சங்கிலி என்பாள் சவரியம்மா.
எனக்கோ, யாரோ
நெடுநாள் பூட்டிய பூட்டைத் திறக்கப் பார்க்கிறார்கள்.

வெயில் ஏறுமுன் ஒன்று கறையான் புற்றில் நின்று கூப்பிடும்,
பள்ளத்துக்கு அப்பால் இன்னொன்று பதில் தரும்.
கத்தியைப் போட்டுவிட்டுப் போய்ப் பார்ப்பேன்.
புற்று இருக்கும்.
குரல் இப்போது என் முதுகுப் பக்கம்.

கௌதாரி என்றோம் நாங்கள்.
உஸ்வட்டுவா என்றாள் நிரோஷி,
முழங்கால்வரை சப்பாத்தும் ஒரு பைல் தாளுமாக வந்தவள்.
பறக்கச் சோம்பல், ஓட்டத்தில் கெட்டி,
விதையும் கறையானும் தின்னும்,
சேவலுக்குக்கூடக் காலில் முள் கிடையாது,
சண்டையெல்லாம் தொண்டையால்தான்.
இதைத் தமிழில் சொல்ல அவள் பட்ட பாடு!
ஊவாவின் இந்தப் புல்லை விட்டால்
தீவில் அதற்கு வேறு வீடு இல்லாத மாதிரிதான்.

தாளில் இரண்டு கட்டம்.
கண்டது. கேட்டது.
நாளை எழுதி, ஒன்றில் மட்டும்
புள்ளடி போடச் சொன்னாள்.

சித்திரை முழுக்கக் கேட்டதிலேயே போட்டேன்.
வைகாசியில் ஒரு நாள்
கட்டு கட்டக் குனிந்த கை சூட்டில் பட்டது.
புல்லடியில் சின்னக் குழி, ஆறு முட்டை,
பால் அதிகம் ஊற்றிய தேத்தண்ணி நிறம்.
தாய் எப்போது எழுந்து போனாள்?
ஒரு தாள் புல்கூட அசையவில்லையே.
முட்டைக்கென்று கட்டம் இல்லை.
அந்த இடத்தை வெட்டாமல் விட்டேன்,
மூன்று கட்டு குறைந்தது,
கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டார்.
அடுத்த கிழமை ஓடு மட்டும் கிடந்தது.
பொரித்ததா, கீரி தின்றதா,
ஓட்டைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

ஆவணியில் கச்சான் எழும்பியது.
யார் வைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை;
மாட்டுக்கு இளம்புல் வேண்டுமென்றால்
ஒரு தீக்குச்சி போதும்.
இரவெல்லாம் மலை நெளிந்து நெளிந்து எரிந்தது.
லயம் முழுக்க மானா எண்ணெய் வாசம்.
அன்றைக்கு ஒரு நுளம்பும் கடிக்கவில்லை.

விடிந்ததும் ஏறினேன், வேலை மிச்சம் இருக்கிறதா பார்க்க.
நெல்லியும் தான்றியும் கரி பூசி நின்றன,
அவற்றுக்கு இது பழக்கம்.
அங்கேதான் கண்டேன்.

செம்மண் முகம்.
கறுத்த உடம்பெல்லாம் வெள்ளைப் பொட்டு.
புல்லுக்குள் விழும் வெயிலையும் நிழலையும்
அப்படியே எடுத்துப் போர்த்தியிருந்தது,
புல்தான் இல்லை.
என்னைப் பார்த்ததும் பதுங்கியது.
வெறும் சாம்பலில் கல்போல உட்கார்ந்து
தான் தெரியவில்லை என்றே இருந்தது.
நான்தான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

மறுபடி பார்க்கும்போது காணோம்.
சாம்பலில் மூன்று விரல், மூன்று விரல்,
பைன் காட்டுப் பக்கமாக
வரிசையாய்ப் புள்ளடி.

மடியிலிருந்து தாளை எடுத்தேன்.
பேனை எழுதவில்லை.
விரலில் கரி இருந்தது, அதால் போட்டேன்.

பிறகு இரண்டு மாதம் எந்தக் கட்டத்திலும் ஒன்றுமில்லை.
ஐப்பசி மழை பிடித்து
மானா முழங்காலைத் தொட்ட ஒரு காலையில்,
ச்சிக்.

மீதிக்காக நின்றுகொண்டிருந்தேன்.
கட்டு குறையுது, வா என்று
சவரியம்மா கத்தினாள்.